தோட்டத்து வானொலியும் டிரான்சிஸ்டரின் ஓய்வு நிலையும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் ரப்பர் மரத்தையும் கோயிலையும் பள்ளியையும் மறவாது குறிப்பர். லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்த சிறிய வானொலிப் பெட்டியைப் பற்றி எழுதியோர் சிலரே. கோலசிலாங்கூர் முதல் கோலகுபு பாரு வரை பரந்து கிடந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வெளியுலகைக் கொணர்ந்தது அப்பெட்டியே. அதன் உள்ளே நிகழ்ந்தது யாது என்பதும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

வானொலி வந்த வழி

1946 ஏப்ரலில் மலாயா வானொலி தொடங்கப் பெற்றது. அதன் ஒலிபரப்பு மொழிகளுள் தமிழும் இடம் பெற்றது. ஆயினும் ஒலி வந்தும் அதனைக் கேட்கும் வசதி தோட்டத்து மக்களுக்கு அரிதாயிருந்தது. அக்காலப் பெட்டிகள் வெற்றிடக் குழல்களால் இயங்கியவை. குழலின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், மின்னோட்டத்தை இழுக்க ஏறத்தாழ 90 வோல்ட் தரும் பெரிய மின்கலத் தொகுதியும் வேண்டும். பல லயங்களுக்கு மின்சாரமே இல்லை; இருந்த இடங்களிலும் தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. ஊரே ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அது.

இந்நிலையை மாற்றியது ஒரு சிறு பொருள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டன் ஆகியோர் 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். வில்லியம் ஷாக்லி அதனினும் உறுதியான சந்தி டிரான்சிஸ்டரை வகுத்தார். மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 என்னும் கையடக்க வானொலியும், 1955இல் ஜப்பானில் சோனி டிஆர்-55 என்பதும் விற்பனைக்கு வந்தன. சூடாக்க இழை இல்லை. 90 வோல்ட் தேவையில்லை. கடையில் வாங்கும் சில உலர் மின்கலங்கள் போதும். பால்மரம் வெட்டுவோர் வீட்டிலும் இனி தனி வானொலி இருக்கலாம் என்றாயிற்று.

ஓய்வு நிலை

டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உண்டு. அடிவாயில் நிகழும் சிறு மாற்றம் ஏற்பானில் பெரு மாற்றமாகின்றது. இதுவே பெருக்கம். எனினும் வெறும் டிரான்சிஸ்டர் எதனையும் பெருக்காது. ஒலி வருமுன்னரே, நேர்த்திசை மின்னோட்டத்தால் அதனைத் தக்க நிலையில் நிறுத்திவைத்தல் வேண்டும். அந்நிலையே ஓய்வு நிலை.

கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க ஒரு கணக்கைக் காண்போம். மின்கலம் 9 வோல்ட். 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் தடைகள் இரண்டும் அதனைப் பகுத்து அடிவாய்க்கு ஏறத்தாழ 1.6 வோல்ட் தருகின்றன. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 0.6 வோல்ட் கழியும். எஞ்சிய 1 வோல்ட், உமிழ்ப்பானிலுள்ள 1 கிலோ ஓம் தடையின் மேல் நிற்கும். ஆகவே மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். ஏற்பானிலுள்ள 3.9 கிலோ ஓம் தடையில் 3.9 வோல்ட் கழிய, ஏற்பான் 5.1 வோல்ட்டில் நிற்கும். மேலேறவும் கீழிறங்கவும் அதற்கு இடமுண்டு.

இனிச் சிறு சைகையை நோக்குவோம். இப்போது மின்கலத்தை மறந்து, மாற்றத்தை மட்டும் கணக்கிடுதல் வேண்டும். 1 மில்லி ஆம்பியர் ஓடும்போது உமிழ்ப்பானின் உட்தடை ஏறத்தாழ 25 ஓம். வெளித்தடையை ஒரு மின்தேக்கி சைகைக்கு மட்டும் கடந்துவிட்டால், பெருக்கம் 3900ஐ 25ஆல் வகுத்த ஈவு. அதாவது ஏறத்தாழ 156. அடுத்த கட்டத்தை இணைக்குமுன் கிட்டும் மதிப்பு இது. 2 மில்லி வோல்ட் உள்ளே சென்றால், தலைகீழாகப் புரண்டு, 0.3 வோல்ட்டாக வெளிவரும். அந்த 25 ஓம் எங்கிருந்து வந்தது? ஓய்வு நிலை மின்னோட்டத்திலிருந்தே வந்தது. முதற் கணக்கு பிழையாயின் இரண்டாவது கணக்கும் பிழையே.

வெப்ப நாட்டுச் சோதனை

தொடக்க காலப் பெட்டிகளில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களே மிகுதி. அவற்றில் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ 10 பாகை வெப்பம் ஏறுந்தோறும் இரட்டிக்கும். குளிர்நாட்டில் பொருட்படுத்தத் தேவையற்ற இக்குறை, தகரக் கூரையின் கீழ் நண்பகலில் பெருங்குறையாகும். உமிழ்ப்பான் தடையே இதற்குக் காவல். மின்னோட்டம் கூடினால் அத்தடையின் மேல் மின்னழுத்தம் ஏறும். ஏறவே அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து மின்னோட்டம் மட்டுப்படும்.

1970களின் பிற்பகுதியில், பெஸ்தாரி ஜெயா என 2007இல் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாயிருந்தேன். எங்கள் வீட்டுப் பழைய பெட்டி பகலில் கரகரக்கும். இரவில் தெளிவாகப் பாடும். காலையில் மரம் வெட்டி, மாலையில் வானொலி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் பக்கத்து லயத்தில் இருந்தார். அவர் ஒலியைக் கேட்கவில்லை. ஒலியளவைக் குறைத்துவிட்டு, மீட்டரால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்தார். ஏற்பான் மின்னழுத்தம் உமிழ்ப்பானை ஒட்டித் தாழ்ந்து கிடந்தது. அடிவாய்த் தடை ஒன்று நாளடைவில் மதிப்பு மாறியிருந்தது. சில காசு விலையுள்ள அத்தடையை மாற்றினார். "சும்மா இருக்கும்போது சரியா இருந்தாத்தான் தம்பி, பாடும்போது சரியா இருக்கும்" என்றார். இரண்டு கணக்குகளையும் அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார் என்பதை, பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற பின்னரே உணர்ந்தேன்.

அவரிடம் ஒரு பழைய பயிற்சி ஏடு இருந்தது. எந்தப் பெட்டியில் எந்த முனையில் எத்தனை வோல்ட் என்பதை அதில் தமிழில் எழுதி வைத்திருந்தார். முனைகளுக்குத் தமிழ்ப் பெயர் அறியாமையால் "இடக்கால், நடுக்கால், வலக்கால்" என்றே குறித்திருந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் இடிக்கப்பட்டபோது அவ்வேடும் மறைந்தது. பத்தாண்டுப் பட்டறிவு பெயரின்றிப் பிறந்து பெயரின்றியே அழிந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு நான் கூற விழைவது இதுவே. தோட்டங்கள் பல இன்று இல்லை. அவற்றின் பள்ளிகள் பல இடம் பெயர்ந்துவிட்டன. அம்மக்கள் கைப்பழக்கத்தால் கற்ற அறிவியலுக்கு உரிய தமிழ்ச் சொற்களைத் தந்து, மாணவர் கையால் எழுதச் செய்வது நம் கடன். பழைய வானொலி ஒன்றை வகுப்பறைக்குக் கொணர்ந்து திறந்து காட்டுங்கள். பாட்டைப் பிறகு கேட்கலாம். முதலில் ஓய்வு நிலையை அளக்கக் கற்றுக் கொடுங்கள். அளந்ததை அவர்கள் ஏட்டில் எழுதட்டும். அந்த ஏடுகளையேனும் நாம் காப்போமாக.