நுரையீரல் புற்றுநோய்: அறுவைக்குப் பிந்தைய ஆயுள்

1933 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற மருத்துவரின் புற்றுநோய் கண்ட இடது நுரையீரலை முழுதாக அகற்றினார். கில்மோர் அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். பல்லாண்டு புகைத்த கிரஹாமோ 1957இல் அதே நோய்க்குப் பலியானார்.

இத்தகைய அறுவைக்குப் பிந்தைய ஆயுளைக் கணிப்பதில் முதலிடம் நோயின் நிலைக்கே. கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதிருந்தால் அறுவைக்குப் பின் ஐந்தாண்டைக் கடப்போர் நூற்றுக்குச் சுமார் 90 பேர். மூன்றாம் நிலையின் தொடக்கத்திலேயே அது 41 ஆகச் சரிகிறது. வெட்டிய விளிம்பில் புற்றணு மிஞ்சாமை, மூச்சுத்திறன், வயது, உடல் எடை, புகையை விட்டது ஆகியவையும் கணக்கில் வரும்.

பொங்கலூர் போன்ற நூற்பாலை வட்டாரத்தில் இருமலைப் பஞ்சுத்தூசி என்றோ காசநோய் என்றோ எண்ணிவிடுவது எளிது. அப்படிக் கழியும் மாதங்களே நோயின் நிலையை உயர்த்துகின்றன. மூன்று வாரம் தாண்டியும் இருமினால், சளியில் ரத்தம் கண்டால், உடனே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.