தோட்டப் பாடசாலையும் ஆய்வு முறையும்

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திற்று. 1977இல் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவிற் பொறுப்பேற்றது. இவ்விரு காலங்களையும் ஆராய்வோருக்கு முதலிற் கிடைப்பவை எண்களே. அளவுசார் முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று. தோட்டப் பிள்ளைகள் பின்தள்ளப்பட்டமையை நிறுவுதற்கு எண் வேண்டும்.

ஆயினும், ருவான்வெல்லை போன்ற இறப்பர்த் தோட்டப் பகுதிகளில் பெற்றோர் அதிகாலையிற் பால்வெட்டச் செல்ல, மூத்த பிள்ளை தம்பி தங்கையரைக் காத்து லயத்திலே தங்கினால், வரவு இடாப்பு அதனை உரைக்காது. ஓராசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் இடர்ப்பாட்டையும் அது காட்டாது. காரணம் தெரியாதவிடத்துப் பெற்றோரின் அக்கறையின்மை என்னும் பழி எளிதில் எழும். வகுப்பறையில் அமர்ந்து நோக்கி, லயத்தில் உரையாடி அறியும் பண்புசார் முறையே அப்பழியைச் சோதிக்க வல்லது. எனவே எண்ணிலே தொடங்கும் ஆய்வு எண்ணோடு முடிதல் தகாது.