சேவலுக்கு இழை, குருவிக்குத் திருகு

கால்நடை ஆய்வுக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் பறவை விந்தணு என்றால் எனக்குச் சேவலுடையதுதான். சேவலின் முதுகைத் தடவி, அடிவயிற்றை அமுக்கி விந்தெடுக்கும் முறையை 1930களில் அமெரிக்காவில் பரோஸும் குவினும் வகுத்தார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். உப்புநீரில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால் லேசாக வளைந்த மெல்லிய இழைகள் நெளியும். தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவே கண் பழகவேண்டும்.

சிட்டுக்குருவியுடையது வேறு ஜாதி. தலையே திருகாணிபோல முறுக்கியிருக்கும். தன்னைத்தானே சுற்றிக்கொண்டுதான் முன்னேறும். காகம், மைனா, தூக்கணாங்குருவி எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

லீவன்ஹுக் 1677லேயே விந்தணுவைப் பார்த்துவிட்டார். பறவைகளுடையதை 1888இல் ஜெர்மானியர் பல்லோவிட்ஸ் விரிவாக விவரித்தார். அவருக்குப் பின் சுவீடனின் ரெட்சியஸ் நுணுக்கமாக வரைந்து குவித்தார். அந்தத் தலைமுறைக்கு வடிவம் என்பது எந்தப் பறவை எந்தக் குடும்பம் என்று பிரிக்க உதவும் அடையாளம். ஏன் இந்த வடிவம் என்ற கேள்வி சூடுபிடிக்க வெகுகாலம் ஆயிற்று.

1970இல் ஜெஃப் பார்க்கர் பூச்சிகளை வைத்து ஒன்றைச் சொன்னார்: ஒரே பெட்டைக்குள் இரண்டு ஆண்களின் விந்து சேர்ந்தால் அங்கேயும் போட்டி நடக்கும். பறவைக்கு இது நன்றாகவே பொருந்தும். கோழியின் கருக்குழாயில் விந்தைச் சேமிக்கும் நுண்குழல்கள் உண்டு. ஒருமுறை விந்து செலுத்தினால் இரண்டு வாரம்வரை கருவுற்ற முட்டைகள் கிடைக்கும். அதற்குள் இன்னொரு சேவலின் விந்தும் வந்து சேரலாம். 1987இல் மரபணுச் சோதனை பறவைகளுக்கும் வந்ததும், ஜோடியாக வாழும் சிட்டுக்குருவியின் கூட்டிலேயே வேறு ஆணின் குஞ்சு இருப்பது அம்பலமானது. குருவிகளில் விந்தணு நீளமாக உள்ள இனங்களில் பெட்டையின் சேமிப்புக் குழல்களும் நீளம் என்று பிரிஸ்கியும் மான்ட்காமெரியும் 1990களில் காட்டினார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது ஐரோப்பாவின் புல்ஃபிஞ்ச். குருவிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் விந்தணுவின் தலை மழுங்கி உருண்டையாக, பாதி வளர்ச்சியில் நின்றதுபோல இருக்கிறது. ஷெஃபீல்டின் டிம் பர்க்ஹெட் குழு 2006இல் இதை விளக்கியது: உடலளவோடு ஒப்பிட்டால் விந்தகம் மிகச் சிறிது, பெட்டைக்குள் போட்டி குறைவு என்பதற்கு அது அடையாளம். போட்டி இல்லாத இடத்தில் திருகைக் கட்டிக்காக்க நெருக்கடி இல்லை. பரிணாமம் என்றால் மேன்மேலும் நுட்பமாவது என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி இந்தக் குருவிதான்.