பானையில் விழாத பேர்

எங்க ஓரிக்கையிலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். 30 குடும்பு, குடவோலை. 2020இல் பாராளுமன்ற அடிக்கல் விழாவிலும் பிரதமர் இதைத்தான் பெருமையாகச் சொன்னார். ஓலையில் யார் பேர்? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு உள்ளவன் பேர். பிராமணர் சபை அது. சேரிக்காரன் பேர் எந்தப் பானையில் விழும்? அந்த விதியையும் அதிகாரியை அனுப்பிச் செய்வித்தவன் பேரரசன் பராந்தகன். சபையும் இருக்கும், ராஜாவும் இருப்பான்.

ரோமாபுரியிலும் இதே கதைதான். கி.மு. 27இல் அகஸ்டஸ் செனட்டைக் கலைக்கலை. அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கிட்டான். குடியரசு போச்சேன்னு பிரபுக்கள் புலம்பினாங்க. அடிமைக்கு என்ன போச்சு? கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸோடு எழுந்த 6000 அடிமைகளைச் சாலையோரம் சிலுவையில் அறைந்ததே அந்தக் குடியரசுதான்.