ஒரே கூரையும் இடைச்சுவரும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயங்களில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. காம்பராக்களுக்கிடையே சுவர் உண்டு. எனினும், அது கூரையை எட்டாதவிடத்து அயலாரின் பேச்சும் அடுப்புப் புகையும் இப்பால் வந்தன. ஒரே கணனியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தலைப்பட்ட 1960களில் அறிஞர்முன் எழுந்த வினாவும் இத்தகையதே: ஒருவர் தரவு மற்றவர்க்குப் புலப்படாவாறு காக்கும் சுவரை எழுப்புவது எங்ஙனம்?

1970இல் வில்லிஸ் வேர் தலைமையிலான அமெரிக்கப் பாதுகாப்புத்துறைக் குழு, யாவரும் அணுகத்தக்க சூழலில் பாதுகாப்பான கணனி முறைமையை அமைத்தல் அக்காலத் தொழினுட்பத்தால் இயலாதெனத் துணிந்துரைத்தது. 1972இல் ஜேம்ஸ் அன்டர்சன், அந்நாட்டு வான்படைக்கு அளித்த அறிக்கையில் ஒரு வழி காட்டினார். தரவை நாடும் ஒவ்வொரு வேண்டுகோளையும் காவற்பொறியொன்று ஆராய்தல் வேண்டும். அதனைக் கடந்து செல்லவோ திரிக்கவோ இயலாதிருத்தல் வேண்டும். முற்றாகச் சோதித்தறியத்தக்க அளவிற்கு அது சிறியதாதலும் வேண்டும் என்பன அவர் வகுத்த மூன்று விதிகள்.

மெய்நிகர்ப் பொறி முறையில் ஒரே கணனி பல கணனிகள்போல் இயங்கும்; ஒவ்வொன்றும் தனக்கெனப் பணிசெயல் முறைமை உடையது. 1973இல் ஸ்டூவர்ட் மட்னிக், ஜோன் டொனவன் ஆகியோர் இதன் பயனை விளக்கினர். உள்ளிருக்கும் பணிசெயல் முறைமையும் வெளியிலிருந்து பொறிகளைப் பிரிக்கும் நிரலும் வெவ்வேறு வகையினவாயின், அயலார் தரவை நாடுவோன் இரு சுவர்களையும் ஒருங்கே தகர்த்தல் வேண்டும்.

ஆயினும் ஐயம் அகலவில்லை. அவ்வாண்டிலேயே பட்லர் லம்ப்சன், தரவு புறவழிகளாலும் கசியுமென எடுத்துக்காட்டினார்; ஒரு நிரல் கணனிக்குத் தரும் வேலைச்சுமையின் ஏற்றத்தாழ்விலிருந்தே மற்றொன்று செய்தி அறியலாம். 2018இல் வெளிப்பட்ட 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுண்' குறைகள் இவ்வச்சத்தை மெய்ப்பித்தன. செயலி முன்னூகித்துச் செய்த வேலையின் சுவட்டை, நினைவகம் விடைதரும் நேர வேறுபாட்டால் அளந்து, மறைபொருளை அறிய முடிந்தது. அயல் அடுப்பைக் காணாதார் புகையால் சமையலை உணர்ந்தமை போன்றதே இது.

ஆவணத்தின் அருமையை மலையகம் நன்கறியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், சட்டம் கேட்ட சான்றுகளைக் காட்ட இயலாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். அவர்தம் வழித்தோன்றல்களின் அடையாள அட்டைத் தரவும் வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் இன்று கணனிகளில் உறைகின்றன. அவை பிறர் கண்ணும் கையும் படாவாறு காக்கப்படல் வேண்டும். சுவர் உண்டெனக் கேட்டு அமைதல் போதாது. அது கூரையை எட்டுகின்றதா என ஆராய்தலே தக்கது.