சட்டத்தை நம்பிய சோஹ்ராப்



மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்த ஒருவரை நாட்டின் சட்டம் காக்கும் என்பது மக்களாட்சியின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. அந்நம்பிக்கையைத் தம் வாழ்நாள் முழுவதும் பற்றி நின்ற ஒருவர், இறுதியில் அதற்கு எவ்வாறு பலியானார் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் பெயர் கிறிகோர் சோஹ்ராப்.

துருக்கியச் சுல்தான்கள் ஆண்ட ஒட்டோமன் பேரரசின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோபிளில், இன்று இஸ்தான்புல் என வழங்கும் நகரில், 1861ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கிறிஸ்தவர்களாகிய ஆர்மீனியர் அப்பேரரசில் ஒரு சிறுபான்மையினர். பொறியியலும் பின்னர் சட்டமும் பயின்ற சோஹ்ராப், சட்டத்தரணியாகப் பெரும்புகழ் ஈட்டினார். ஏழைப் பெண்களின் துயரையும் செல்வர் வீடுகளின் போலி ஒழுக்கத்தையும் சித்திரித்த அவருடைய கதைகள், ஆர்மீனியச் சிறுகதையின் இளவரசர் என்னும் பெயரை அவருக்குத் தேடித் தந்தன.

சுல்தான் அப்துல் ஹமீதின் கொடுங்கோல் ஆட்சியில் அவர் வழக்காடும் உரிமையை இழந்து, பிரான்சு நாட்டிற்குச் செல்ல நேர்ந்தது. 1908ஆம் ஆண்டில் இளந்துருக்கியரின் புரட்சி வெற்றி பெற்று, முடங்கிக் கிடந்த அரசியலமைப்பு மீண்டும் உயிர் பெற்றது. சோஹ்ராப் தாயகம் திரும்பித் தலைநகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். சமயம் எதுவாயினும் குடிமக்கள் யாவரும் சட்டத்தின் முன் சமம் என்பதே அவரது அரசியலின் சாரம்.

அந்தக் கொள்கைக்குச் சோதனை விரைவில் வந்தது. 1909ஆம் ஆண்டு தலைநகரில் எதிர்ப்புரட்சி மூண்டபோது, இளந்துருக்கியர் தலைவருள் ஒருவராகிய ஹலீல் பேயைத் தமது இல்லத்தில் மறைத்து வைத்து அவர் உயிர் காத்தார். அதே காலத்தில் அதானா மாகாணத்தில் ஆர்மீனியர் ஆயிரக்கணக்கிற் கொன்று குவிக்கப்பட்டனர். சோஹ்ராப் அதற்கு நீதி கேட்டுப் பாராளுமன்றத்தில் முழங்கினாரேயன்றிப் பாராளுமன்றத்தைத் துறக்கவில்லை. கிழக்கு மாகாணங்களில் ஆர்மீனியருக்குப் பாதுகாப்பளிக்கும் சீர்திருத்தங்களுக்காகவும் அவர் அயராது முயன்றார். 1914 பெப்ருவரியில் அதற்கென ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆனால், அவ்வாண்டு மூண்ட உலக யுத்தம் அதனைக் குலைத்துவிட்டது.

1915 ஏப்ரில் 24ஆம் நாள் இரவு தொடங்கி, தலைநகரில் ஆர்மீனிய அறிஞரும் தலைவரும் இருநூறுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சோஹ்ராப் அன்று விடப்பட்டார். தப்பியோட முனையாமல், உள்நாட்டமைச்சர் தலாத்திடம் நேரிற் சென்று விளக்கம் கேட்டார். இருவரும் நெடுங்காலம் பழகியவர்கள். யூன் மாதத் தொடக்கத்தில், ஒரு கழகத்திலே தலாத்துடன் ஒரே மேசையில் மாலைப்பொழுதைக் கழித்து வீடு திரும்பிய சோஹ்ராப், அன்றிரவே கைதானார் என்பர். எர்சுரூம் பிரதிநிதி வார்த்கெசும் அவருடன் பிடிபட்டார். அவ்வேளையில் பாராளுமன்றம் கூடியிருக்கவில்லை. அதன் தலைவராக இருந்தவரோ, முன்னர் சோஹ்ராப் உயிர் காத்த அதே ஹலீல் பே!

தியார்பக்கீர் இராணுவ நீதிமன்றில் விசாரணை என்று கூறி இருவரையும் கிழக்கே கொண்டு சென்றனர். அந்த விசாரணை நடைபெறவேயில்லை. யூலை மாதத்தில், உர்பா நகருக்கு அப்பால், செர்க்கஸ் அகமது என்பவனின் கூட்டத்தினர் இருவரையும் கொன்றனர். அவ்வாண்டே அகமது டமஸ்கசில் தூக்கிலிடப்பட்டான். ஆனால், அவர்களை அவ்வழியே அனுப்பி வைத்தவர்களை அந்தத் தண்டனை தீண்டவில்லை. 1919இல் இராணுவ நீதிமன்றம் தலாத்துக்கு மரண தண்டனை விதித்தபோது, அவர் ஜேர்மனிக்குச் சென்றுவிட்டிருந்தார்.

நேயர்களே, சோஹ்ராப் கொலையுண்ட நாளிலும் பேரரசின் அரசியலமைப்பு நீக்கப்பட்டிருக்கவில்லை. பிரதிநிதிகளின் உரிமையைக் கூறும் வாசகங்களும் அதில் அழியாமலே இருந்தன. அவற்றை எடுத்துக்காட்டித் தடுத்து நிறுத்தக் கூடிய பதவியில் இருந்தோர், தடுத்து நிறுத்த முன்வரவில்லை. சட்டநூலில் எழுதப்பட்ட உரிமை எவ்வளவு காலம் உயிருடன் இருக்கும் என்பதற்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே.