சந்தா கட்டியவர்களுக்கு நாற்காலி இல்லை

1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல் கேரளத்துக்கு வெளியிலும் பேசப்பட்டது. ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்குச் சட்டமன்றத்தில் மெல்லிய பெரும்பான்மைதான். ஒரு தொகுதி கைநழுவுவதும் ஆபத்து. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் தேயிலைத் தொழிலாளர்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறி வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகக் கட்சிக்காகப் பாடினார். கூடவே வந்த தம்பி ராசையாவைப் பிற்பாடு உலகம் இளையராஜா என்று அறிந்துகொண்டது.

அந்தத் தேர்தலில் வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஒரு பெண். பெயர் ரோசம்மா புன்னூஸ். காஞ்சிரப்பள்ளியின் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்தவர். அதற்கு முன்பே, 1957இல் கேரளச் சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பதவியேற்றுக்கொண்ட உறுப்பினரும் அவர்தான். இப்படி 1950களிலேயே, தேவிகுளம் தொகுதியில் அடங்கிய மூணாறு மலைக்கு ஒரு பெண் உறுப்பினர் கிடைத்துவிட்டார். ஆனால் அவருக்கு வாக்களித்த பெண்கள், தங்கள் பெயரில் தாங்களே பேச இன்னும் 57 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் அவ்வளவு காலம்? பதில் தேயிலைத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்க்கப்பட்ட மலையில் 1880 வாக்கில் ஏ.எச். ஷார்ப் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை வெட்டி, பள்ளம் பறித்து, செடி நடுவதற்குக் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் ஆள் பிடித்தார்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலம் இல்லாததால் மலையேறியவர்களுக்கு, மலையிலும் நிலம் கிடைக்கவில்லை. லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை கிடைத்தது. ஆனைமலை எஸ்டேட்டுகளில் இதே வாழ்க்கையை மருத்துவராக அருகிலிருந்து கண்ட பி.எச். டேனியல் எழுதிய நாவல்தான் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. பாலாவின் ‘பரதேசி’ அதிலிருந்து பிறந்த படம்.

தோட்டத்தில் வேலை ஆண், பெண் என்று பிரிந்தது. கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, ஃபேக்டரி வேலை, மேற்பார்வை எல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கு. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளி, மூட்டையைச் சுமந்து எடைக்குக் கொண்டுவருவது பெண்களுக்கு. கம்பெனியின் வருமானம் தொடங்குவதே அவர்கள் விரல்நுனியில்தான். விடிவதற்குள் சமையல், திரும்பி வந்ததும் தண்ணீர், விறகு, பிள்ளைகள் என்று கூலியில்லாத இன்னொரு வேலைநாளும் அவர்களுக்கு உண்டு.

விடுதலைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நியாயமும் இந்தப் பெண்களைப் பாதி தொட்டு, பாதியில் விட்டது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் தோற்று, அவர்கள் கேரளத்தில் மொழிச் சிறுபான்மை ஆனார்கள். நாடே மெச்சிய கேரள நிலச்சீர்திருத்தம் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. குத்தகை விவசாயிக்கு நிலம் வந்தது, தேயிலைத் தொழிலாளிக்கு வரவில்லை. பட்டியல் சாதியினருக்கான சலுகை கேட்டுப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டு அதிகாரிகள் திருப்பி அனுப்பிய கதை மலையில் வீட்டுக்கு வீடு உண்டு. வேலை போனால் லயமும் போய்விடும். எனவே தாய் ஓய்வு பெறும்போது மகளோ மருமகளோ அதே கூடையைச் சுமந்தாக வேண்டும்.

தொழிற்சங்கங்கள் இல்லாமல் இல்லை. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று மூன்று கொடிகள் பறந்தன. மூன்றுக்கும் பெண்கள் சந்தா கட்டினார்கள். மேடையில் ஆண்கள் அமர்ந்தார்கள்.

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. முந்தைய ஆண்டு கிடைத்ததில் இது ஏறத்தாழப் பாதி. ஆயிரக்கணக்கான பெண்கள் கொழுந்துக் காட்டை விட்டு இறங்கி மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் துரத்தினார்கள். சங்க அலுவலகங்களும் கொடிக்கம்பங்களும்கூட அவர்கள் கோபத்துக்குத் தப்பவில்லை. தங்கள் வீட்டு ஆண்களையும் போராட்டத்திலிருந்து தள்ளியே நிறுத்தினார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் லிசி சன்னி, கோமதி, இந்திராணி போன்ற தொழிலாளிகளே முன்னின்றார்கள். ஆதரவு தர வந்த அரசியல்வாதிகள் பலர் விரட்டப்பட்டபோது, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் பக்கத்தில் உட்கார அனுமதித்தார்கள். ஒன்பது நாளில் கம்பெனி இறங்கி வந்தது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 சதவீதம். அடுத்த மாதம் 232 ரூபாய் நாள்கூலி 301 ரூபாயானது. அவர்கள் கேட்டது 500.

இந்தப் போராட்டத்தை எந்தப் பெட்டியில் போடுவது? கூலிப் போராட்டம் என்றால், கூலிக்காரர்களின் சங்கத்தையே ஏன் துரத்தினார்கள்? பெண்கள் போராட்டம் என்றால், நகரத்துப் பெண்ணியம் பேசிய எதிலும் லயமும் கொழுந்து எடையும் ஏன் இல்லை? சாதி, மொழி, கூலி, பால் நான்கும் ஒரே உடம்பின் மேல் விழுந்திருந்தன. ஒன்றைப் பிரித்தெடுத்து வைத்தியம் பார்க்க வந்தவர்கள் மற்ற மூன்றையும் காணவில்லை.

இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் 1976இல் எழுந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அந்த ஆலை கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதி அவர்களையே வெளியே தள்ளியது. பெண்களை எடுத்திருக்கிறார்களே என்று நீதிமன்றம் கேட்டது. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறொரு வழக்கு இருக்கிறது, அதோடு சேருங்கள் என்றது. இரண்டையும் ஒன்றாக்கிப் புதிய உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பு. சட்ட அறிஞர் கிம்பெர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரையில்தான் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்துக்குப் பெயர் சூட்டினார். தமிழில் இன்று குறுக்குவெட்டுப் பெண்ணியம் என்கிறார்கள். மூணாற்றுப் பெண்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சாலைக்கு வரவில்லை. அது சொன்ன நிலைமையில் அவர்கள் நூறாண்டுக்கு மேலாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வெற்றி நீடித்ததா? 2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினரானார். பிறகு தலைவிகளுக்குள் பிளவு வந்தது. கட்சிகளும் சங்கங்களும் இழந்த இடத்தைப் பெருமளவு மீட்டுக்கொண்டன. அதை வைத்துப் பெண்களின் போராட்டம் தோற்றது என்று முடிவு கட்டுவது அவசரம். நிலமும் வீடும் இல்லாதவர்களின் அமைப்பு, இவ்விரண்டையும் கையில் வைத்திருப்பவர்களை எதிர்த்து எத்தனை நாள் நிற்க முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து நடந்தது. கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சமும், பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 5 லட்சமும் அறிவித்தது. முதலமைச்சர் மூணாறு வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் கேட்டு வழிமறிக்க முயன்ற கோமதி கைது செய்யப்பட்டார்.